கார்த்தேஜின் நடுகல்

தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டிப் பகுதியிலுள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு மூன்று நடுகற்கள் கண்டறியப்பட்டன. தமிழி எழுத்துப் பொறிக்கப்பெற்ற அக்கற்களைக் கி.மு. 4 முதல் 2 வரையிலான நூற்றாண்டுகளில் வைத்து அறிஞர்கள் பேசுகின்றனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் பட்ட அந்தவன் என்பானுக்கு எடுக்கப்பட்ட கல். சிற்றூர் ஒன்றின் மாட்டுமந்தையை முன்னிட்டு எழுந்த ஒரு பூசல். அதில் மாண்ட ஒருவன். அவன் பெயரை அவனுடைய மக்களே, தம் மொழியில், தம் எழுத்தில் வெட்டி நிறுத்தினர். இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் அப்பெயரை நாம் படிக்கின்றோம்.

ஏறத்தாழ அதே காலத்தில் மத்தியதரைக் கடலின் இரு கரைகளிலும் மூன்று பெரும்போர்கள் நிகழ்ந்தன. கி.மு. 264 முதல் 241 வரை, 218 முதல் 201 வரை, 149 முதல் 146 வரை உரோமும் கார்த்தேஜும் பொருத அப்போர்களைப் பியூனிக் போர்கள் என்பர். அவற்றில் மாண்டோர் பல்லாயிரவர். எனினும் கார்த்தேஜியர் தம் வரலாற்றைத் தம் மொழியில் எழுதிய நூல் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. ஆநிரைப் பூசலுக்குக் கல் இருக்கின்றது. ஒரு பேரரசின் வீழ்ச்சிக்கு இல்லை. இவ்வேறுபாட்டையே இக்கட்டுரையில் நாம் ஆராய விழைகின்றோம். வென்றோர் கையில் சிக்கிய வரலாற்றை எவ்வாறு படிப்பது என்னும் வினா கார்த்தேஜுடன் முடிந்துவிடுவதன்று.

பெயரும் உறவும்

‘பியூனிக்’ என்னும் சொல்லே உரோமர் தந்தது. ஃபினீசியர் என்பதை இலத்தீனில் ‘போயினி’ என்றனர்; அதிலிருந்து பிறந்தது இச்சொல். ஒரு போருக்கு எதிரியின் பெயரைச் சூட்டுபவர் அப்போரைத் தம் பக்கத்தில் நின்று காண்பவரே. கார்த்தேஜியர் எழுதியிருப்பின் அவற்றை ‘உரோமப் போர்கள்’ என்றே அழைத்திருப்பர்.

அவர்தம் நகரின் பெயர் ‘கர்த் ஹதஷ்த்’. புதிய நகரம் என்பது பொருள். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு புதுப்பட்டி இருப்பது போல, தீர் நகரத்து வணிகர் ஆப்பிரிக்கக் கரையில் நிறுவிய புதூர் அது. அரபு பயின்றோர்க்கு இப்பெயர் அந்நியமாக ஒலிக்காது. ‘கர்த்’ என்பதும் ‘கர்யா’ என்பதும் ஒரு குடும்பச் சொற்கள். ‘ஹதஷ்’ என்பதும் புதியது எனப் பொருள்படும் ‘ஹதீஸ்’ என்பதும் உடன்பிறப்புகள். ஹன்னிபாலின் குடும்பப் பெயராகிய ‘பர்கா’வில் மின்னலைக் குறிக்கும் ‘பர்க்’ ஒளிர்கின்றது. ‘ஹன்னிபால்’ என்பதற்குப் ‘பஅல் அருள்புரிந்தான்’ என்பது பொருள்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்றல் வேண்டும். பஅல் யார்? இல்யாஸ் நபி (அலை) அவர்கள் தம் மக்களை எத்தெய்வத்தின் வழிபாட்டிலிருந்து மீட்க முனைந்தார்கள் என ஸூரத்துஸ் ஸாஃப்பாத் கூறுகின்றதோ, அந்தப் பஅல். ஆக, மொழியால் நெருங்கிய இவ்வுறவு நம்பிக்கையால் விலகி நிற்கின்றது. மேலைநாட்டை எதிர்த்த கீழைநாட்டு வீரன் என ஹன்னிபாலைத் தம்மவனாக்கிக் கொண்டாடும் எழுத்துகள் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகின்றன. உறவையும் விலகலையும் ஒருசேர ஏற்பதே நேர்மையான படிப்பு என்பது நம் கருத்து.

உரோம் என்றவுடன் நம் வாசகர்க்கு ஸூரத்துர் ரூம் நினைவுக்கு வருதல் இயல்பு. அந்த ரூம் கிறித்துவத்தைத் தழுவிய கிழக்குப் பேரரசு, பாரசீகருடன் பொருதது. ஈண்டு நாம் பேசுவது அதற்கு எண்ணூறு ஆண்டுகள் முந்திய குடியரசு உரோமைப் பற்றியே.

எழுதியவர் எவர்?

இப்போர்களைப் பற்றிய தலையாய மூலம் கிரேக்கராகிய பொலிபியஸ். அவர் வரலாறு நம் திறனாய்வுக்கு இன்றியமையாதது. அகேயக் கூட்டமைப்பின் தலைவர்களுள் ஒருவராக இருந்த அவர், கி.மு. 167இல் ஆயிரம் பிணையாளருள் ஒருவராக உரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆங்கே சிப்பியோ குடும்பத்தின் நட்பைப் பெற்றார். கி.மு. 146இல் கார்த்தேஜ் எரிந்தபொழுது, அதனை எரித்த தளபதி சிப்பியோ எமிலியானஸின் அருகில் நின்றார். அதே ஆண்டில் அவர் தாயகத்தின் கொரிந்து நகரையும் உரோமர் தரைமட்டமாக்கினர். தோற்ற இனத்தவர், வென்றவர் வீட்டு விருந்தினர். இவ்விரட்டை நிலையே அவர் நூலின் வலிமையும் வரம்பும் ஆகும்.

வலிமைக்குச் சான்றுகள் உண்டு. முதற்போர் முடிந்தபின், கூலிப்படையினரின் கலகத்தால் கார்த்தேஜ் நிலைகுலைந்திருந்த வேளையில் உரோமர் சார்டீனியாத் தீவைப் பறித்துக்கொண்டனர். கூடுதல் திறையும் பெற்றனர். இச்செயலுக்கு எந்நியாயமும் இல்லை எனப் பொலிபியஸ் ஒளிவின்றி எழுதுகின்றார். இரண்டாம் போரின் காரணங்களுள் ஒன்றாக அதனை வைக்கின்றார். முதற்போரை எழுதிய உரோமர் ஃபேபியஸ் பிக்டரும், கார்த்தேஜ் சார்பினரான ஃபிலினஸும் தத்தம் பற்றினால் தடம் புரண்டனர் என இருவரையும் கடிகின்றார்.

வரம்பும் அங்கேயே இருக்கின்றது. ஹன்னிபாலுடன் பாசறையில் வாழ்ந்து எழுதிய சோசிலஸ் என்னும் கிரேக்கரின் எழுத்தை முடிதிருத்தும் கடையின் வம்புப்பேச்சு எனப் பொலிபியஸ் ஒதுக்கினார். ஃபிலினஸின் நூலும் சோசிலஸின் நூலும் இன்று முழுமையாக இல்லை. தீர்ப்பு இருக்கின்றது, வழக்குரை இல்லை. மறுக்கப்பட்டவர் சொன்னதை மறுத்தவர் வாயிலாகவே நாம் அறிகின்றோம். இது வரலாற்றெழுத்தில் அடிக்கடி நேரும் ஓர் அவலம்.

பொலிபியஸுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பின்வந்த லிவியின் நிலை வேறு. அவர் ஹன்னிபாலின் வீரத்தையும் பொறுமையையும் எளிய வாழ்வையும் வியந்து போற்றுகின்றார். அடுத்த மூச்சிலேயே கொடூரமும், கார்த்தேஜியர்க்கே உரியதைவிட மிஞ்சிய வஞ்சகமும் அவனிடம் இருந்தன என்கின்றார். ஒரு மனிதனின் குற்றத்தைக் கூறுவதற்கு ஓர் இனத்தின் பெயரை அளவுகோலாக்கும் முறை இது. ‘பியூனிக் வாக்குறுதி’ என்றால் நம்பத்தகாத வாக்குறுதி என்பது இலத்தீனில் மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது.

அத்தொடரை மூன்றாம் போரின் நிகழ்ச்சிகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். கி.மு. 201 உடன்படிக்கையின்படி கார்த்தேஜ் 10,000 தாலந்து வெள்ளியை 50 ஆண்டுகளில் செலுத்த வேண்டும். பத்துப் போர்க்கலங்களுக்கு மேல் வைத்திருத்தலாகாது. உரோமின் இசைவின்றிப் போர்தொடுத்தலாகாது. உரோமின் நண்பனாகிய நுமிடிய மன்னன் மசினிசா அதன் நிலங்களை ஒவ்வொன்றாகக் கவர்ந்தான். பொறுக்கவியலாது கார்த்தேஜ் ஆயுதம் எடுத்தது. அதுவே உடன்படிக்கை மீறலாயிற்று. கி.மு. 149இல் உரோமர் கேட்டவாறு மேன்குடி மக்களின் பிள்ளைகள் முந்நூறு பேரைப் பிணையாக அனுப்பினர். பின்னர் ஆயுதங்களைக் கேட்டனர். இரண்டு இலட்சம் வீரர்க்கான படைக்கலங்களும் இரண்டாயிரம் எறிபொறிகளும் ஒப்படைக்கப்பட்டன என்பர். அனைத்தும் கைமாறிய பின்னரே இறுதிக் கட்டளை வந்தது: நகரைவிட்டு நீங்கிக் கடலிலிருந்து எண்பது ஸ்டேடியம், அதாவது ஏறத்தாழ 15 கிலோமீட்டர், உள்ளே சென்று குடியேறுக. கடலால் வாழ்ந்த மக்களைக் கடலைக் காணாத இடத்துக்குப் போகச் சொன்ன கட்டளை அது. நிராயுதபாணிகளான அம்மக்கள் மூன்றாண்டுகள் எதிர்த்து நின்றனர். நகர் வீழ்ந்தபோது எஞ்சிய ஐம்பதாயிரவர் அடிமைகளாயினர். இந்நிகழ்ச்சிகளை நமக்குக் கூறுவோர் உரோமின் பகைவரல்லர். உரோமின் ஆளுகையை ஏற்று எழுதியவர்களே. வாக்குறுதி பிறழ்ந்தவர் எவர் என்பதை அவர்தம் ஏடுகளைக் கொண்டே வாசகர் தீர்மானிக்கலாம்.

இதற்கு மாறாக, எதிரியைப் பழிக்கும் ஆர்வத்தில் பொய்யையும் மெய்யாக ஏற்பது தகாது. கார்த்தேஜின் மண்ணில் உரோமர் உப்பை விதைத்தனர் என்னும் கதை இன்றும் பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகின்றது. பழைய மூலம் எதிலும் அஃது இல்லை. அண்மைக் காலத்தார் சேர்த்த கதை என்பதை ரிட்லி என்னும் ஆய்வாளர் 1986இல் எடுத்துக்காட்டினார். உரோமர் செய்தவையே போதும். செய்யாததை ஏற்ற வேண்டுவதில்லை.

இப்பள்ளத்தாக்கிலிருந்து ஒரு படிப்பு

நேரு தம் மகளுக்குச் சிறையிலிருந்து எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களில் ஒன்று கார்த்தேஜுக்கும் உரோமுக்கும் நிகழ்ந்த போரைப் பற்றியது. விடுதலைப் போரில் பலரைச் சிறைக்கு அனுப்பியதும் காந்தியடிகளுக்குக் கோயில் எழுப்பியதுமான காமயகவுண்டன்பட்டியில் அக்கடிதத்தை ஒருவர் படிப்பதாகக் கொள்வோம். இவ்வூராருக்கு அப்போர்களின் மூன்று பொருள்கள் விளக்கமின்றியே புரியும்: மலைவழி, யானை, திராட்சை.

கம்பம் பள்ளத்தாக்கு மலைகளால் சூழப்பெற்றது. குமுளி மலைப்பாதையே சேரநாட்டுக்கு அதன் வாயில். கணவாயைக் கடப்பது எத்தகைய உழைப்பு என்பதை இங்கு எவரும் அறிவர். கி.மு. 218இல் ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையைப் பதினைந்து நாட்களில் கடந்தான். ரோன் ஆற்றை விட்டுப் புறப்பட்டபோது 38,000 காலாட்களும் 8,000க்கு மேற்பட்ட குதிரைவீரரும் இருந்தனர். இத்தாலியச் சமவெளியில் இறங்கியபோது எஞ்சியோர் 20,000 காலாட்களும் 6,000 குதிரைவீரருமே. இவ்விறுதிக் கணக்குக்கு மூலம் எது? ஹன்னிபாலே தென்னித்தாலியின் லாசினியம் முனையில் வெண்கலத்தில் பொறித்து வைத்த பட்டியல். அதனைத் தாம் நேரிற் கண்டதாகப் பொலிபியஸ் கூறுகின்றார். அது பியூனிக்கிலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டிருந்தது என்பது லிவி தரும் செய்தி.

ஆகவே கார்த்தேஜுக்கும் ஒரு நடுகல் இருந்தது. தன்னிடம் எஞ்சிய எண்ணிக்கையைப் பதிந்த கல்வெட்டு. அதன் வெண்கலம் இன்று இல்லை. எதிரணியில் நின்ற வரலாற்றாசிரியரின் நேர்மையால் அதிலிருந்த எண்கள் மட்டும் பிழைத்தன. பொலிபியஸ் மீது நாம் கொள்ளும் ஐயங்கள் எவையாயினும் இதற்காக அவருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

அடுத்தது யானை. 2023 மே மாத இறுதியில் அரிக்கொம்பன் என்னும் ஒற்றை யானை கம்பம் நகருக்குள் நுழைந்ததும், ஜூன் 5இல் அது பிடிபடும்வரை இப்பகுதி மக்கள் அஞ்சியிருந்ததும் மறக்கற்பாலதன்று. ஒரு யானையே ஒரு நகரை நடுங்கச் செய்யுமாயின் ஹன்னிபாலின் முப்பத்தேழு யானைகளைக் கண்ட காலியரின் நிலை எளிதில் உணரத்தக்கது. ஈண்டு ஒரு சொல் நம் கருத்தை ஈர்க்கின்றது. ரோன் ஆற்றைக் கடக்கையில் சில யானைகள் மிரண்டு நீரில் வீழ்ந்தன. அவற்றின் பாகர்கள் மாண்டனர். அப்பாகர்களைப் பொலிபியஸ் ‘இந்தியர்’ என்றே குறிக்கின்றார். இதனைக் கொண்டு, ஹன்னிபாலின் படையில் தமிழர் இருந்தனர் எனக் கூற ஆசை எழலாம். அலெக்சாண்டருக்குப் பின்வந்த அரசுகளில் இந்தியப் பாகர்கள் பணியாற்றியதால், யானைப்பாகன் எவனாயினும் அவனை ‘இந்தியன்’ என்றழைக்கும் வழக்கு கிரேக்கத்தில் உருவாயிற்று என்பது பலர் கருத்து. சான்று தாங்கும் அளவுக்கே முடிபு எழுப்புதல் வேண்டும். பெருமைக்காக வரலாற்றை நீட்டுவதும், வெறுப்பினால் அதனைச் சுருக்குவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

மூன்றாவது திராட்சை. கார்த்தேஜ் வீழ்ந்தபோது அதன் நூலகங்களை உரோமச் செனட் ஆப்பிரிக்கச் சிற்றரசர்க்கு வழங்கிவிட்டது. ஒரேயொரு நூலுக்கு மட்டும் விலக்களித்தது: மாகோ என்பார் எழுதிய 28 பகுதிகளையுடைய வேளாண்மை நூல். அதனை இலத்தீனில் பெயர்க்கச் செனட்டே ஆணையிட்டது. அப்பெயர்ப்பும் அழிந்தது, எனினும் பிற்கால உரோம வேளாண் ஆசிரியர்கள் அதிலிருந்து எடுத்தாண்டவை எஞ்சியுள்ளன. கொலுமெல்லா அவரை வேளாண்மையின் தந்தை எனப் போற்றுகின்றார். கொடித்தோட்டம் எத்திசை நோக்கி அமைய வேண்டும், பழத்தை வெயிலில் எவ்வாறு உலர்த்த வேண்டும் என்பன போன்ற அறிவுரைகள் அவற்றுள் அடங்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை விளையும் இப்பள்ளத்தாக்கின் உழவர் ஒருவர் மாகோவைக் கேட்டால், போர் நூல்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு அவரிடமே அமர்வார். தோற்றவரின் வரலாற்றை வேண்டாவென்று விட்டவர், அவர்தம் தொழிலறிவை மட்டும் எடுத்துக்கொண்டார். பேரரசுகள் எதனைக் காக்கும், எதனைக் கைவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்னு கல்தூனின் பார்வை

தூனிஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன் (ரஹ்) கார்த்தேஜின் இடிபாடுகளுக்கு அருகிலேயே வளர்ந்தவர். தம் முகத்திமாவில் கடற்படைகளைப் பற்றி எழுதுகையில், பண்டு கர்தாஜன்னாவின் அதிபதி உரோமின் அதிபதியுடன் பொருததையும் படை நிறைந்த கலங்களை அனுப்பியதையும் குறிப்பிட்டு, அக்கடலின் இருகரையினர்க்கும் இது பழைமையும் புதுமையுமான வழக்கம் என்கின்றார். ஈண்டு பழிச்சொல் இல்லை, புகழ்ச்சொல்லும் இல்லை. வஞ்சகம் ஓர் இனத்தின் இயல்பு என்பதற்கு மாறாக, போட்டி ஒரு கடலின் இயல்பு என்கின்றார். லிவியின் பண்போவியத்தைவிட இவ்வொற்றை நோக்கு நமக்கு ஆழமானதாகத் தோன்றுகின்றது.

கர்தாஜன்னாவின் நீர்ப்பாலத்தைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். கட்டடத்துக்குக் கல் வேண்டிய தூனிஸ் மக்கள் அதனை உடைக்க முயன்றதையும், பெரும்பாடுபட்டும் சிறு பகுதியே பெயர்ந்ததையும் தம் இளமையிற் கண்டவராகக் கூறுகின்றார். முன்னோர் பூதவுடலினர் என்னும் கதையை மறுத்து, அரசின் ஒழுங்கும் கூட்டுழைப்புமே பெருங்கட்டடங்களை எழுப்பின என நிறுவுகின்றார். அந்நீர்ப்பாலம் ஹன்னிபாலின் மக்கள் கட்டியதன்று. பின்னர் அதே இடத்தில் எழுந்த உரோம நகருக்காக உரோமர் கட்டியது. அழித்தவரே அங்குக் குடியேறிக் கட்டினர்.

இன்னொன்றும் கூறாமல் விடலாகாது. அவ்வுரோம நகரும் ஒருநாள் வீழ்ந்தது. கி.பி. 698இல் பைசாந்தியரிடமிருந்து அதனைக் கைப்பற்றிப் பாழ்செய்தது ஹஸ்ஸான் இப்னு நுஃமானின் முஸ்லிம் படை. கைரவான் பெரிய பள்ளிவாசலின் தூண்களுள் கார்த்தேஜிலிருந்து கொணர்ந்தவையும் உள. எனவே கார்த்தேஜின் பெயரால் உரோமைக் குற்றஞ்சாட்டும் உரிமை நமக்குத் தனியாக இல்லை. அந்நகரின் கதையில் நம் சமுதாயமும் ஒரு முறை வென்றவர் பக்கத்தில் நின்றுள்ளது. இப்னு கல்தூன் தம் பெருநூலுக்கு ‘இபர்’ எனப் பெயரிட்டார். படிப்பினைகள் என்பது பொருள். படிப்பினை பெறுபவன் தன்னை விலக்கிவைத்துப் பெற இயலாது.

நம் கடலின் ஒப்புமை

மத்தியதரைக் கடலில் கார்த்தேஜுக்குக் கிட்டாத ஒன்று நம் கடலில் மலபார் முஸ்லிம்களுக்குக் கிட்டியது. போர்ச்சுகீசியர் கடல்வழிகளுக்குத் தாமே அனுமதிச்சீட்டு வழங்கி, அஃதில்லாத கலங்களைக் கைப்பற்றினர். அவர்களைக் குஞ்ஞாலி மரைக்காயர்கள் ஏறத்தாழ நூற்றாண்டுக் காலம் எதிர்த்தனர். 1538இல் இராமநாதபுரக் கடற்கரையின் வேதாளையில் மரைக்காயர் படை பெருந்தோல்வி கண்டது. அவர்களைப் போர்ச்சுகீசியர் கடற்கொள்ளையர் என்றெழுதினர். ‘பியூனிக் வாக்குறுதி’யின் மறுபிறவி அச்சொல்.

ஆனால் இம்முறை எதிர்வழக்கு எழுதப்பட்டது. பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அரபியில் இயற்றிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ 1583 வரையிலான நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்கின்றது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார் 1942இல் அதன் ஆங்கிலப் பெயர்ப்பை வெளியிட்டார். அந்நூலின் சிறப்பு அது நம்மவர் நூல் என்பதில் மட்டும் இல்லை. பறங்கியரின் கொடுமைகளை அடுக்கும் அவ்வாசிரியரே, அத்துன்பத்துக்கு முஸ்லிம்களின் நன்றிகேடும் தவறுகளும் காரணம் என்கின்றார். மலபாரின் இந்து மன்னர்கள் முஸ்லிம்களிடம் காட்டிய பரிவை மறைக்காது போற்றுகின்றார். சார்பு உண்டு, எனினும் அச்சார்பு கண்ணை முற்றாக மறைக்கவில்லை. தோற்றவர் எழுதுவதனால் மட்டும் ஒரு வரலாறு உண்மையாகிவிடாது. தன் பக்கத்தையும் தராசில் வைக்கும்போதே அது நம்பிக்கைக்குரியதாகின்றது.

நூல் நின்ற இடத்தில் என்ன நேர்ந்தது என்பதும் எண்ணத்தக்கது. 1600இல் சாமூத்திரியும் போர்ச்சுகீசியரும் கைகோத்துக் கோட்டையை வீழ்த்தியதையும், நான்காம் குஞ்ஞாலி கோவாவில் கொல்லப்பட்டதையும் போர்ச்சுகீசிய ஏடுகளிலிருந்தே நாம் பெரிதும் அறிகின்றோம். ஸைனுத்தீனின் எழுதுகோல் ஓய்ந்ததும் வென்றவரின் எழுதுகோல் தொடர்ந்தது.

நிறைவாக

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இராவுத்தர்கள் பன்னெடுங்காலமாக வாழ்கின்றனர். 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரி இப்பள்ளத்தாக்கில் எல்லாச் சமயத்தார்க்கும் கல்வி வழங்கிவருகின்றது. தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதைக் கண்டு வருந்தும் பேச்சு நம் அவைகளில் குறைவில்லை. அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. எனினும் ஜமாஅத் பதிவேடுகள், நிலக் கொடைப் பத்திரங்கள், மையவாடிக் கற்கள், அரபுத் தமிழ் ஏடுகள் ஆகியவற்றைப் படித்துப் படியெடுத்து அச்சிடும் பணி அவ்வருத்தத்தின் அளவுக்கு வளர்ந்துள்ளதா என்பதை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். செல்லரித்த ஏட்டைப் பகைவன் எரிக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்தவனின் சுற்றத்தார் பெரும்புலவரல்லர். கல் ஒன்றைத் தேர்ந்து, பெயரையும் ஊரையும் நிகழ்ச்சியையும் சில சொற்களில் வெட்டினர். மிகைப்படுத்தவில்லை, எவரையும் பழிக்கவுமில்லை. கார்த்தேஜின் நூலகங்கள் செய்யாததை அச்சில சொற்கள் செய்தன.